டல்லாஸ் புறநகர் கிரில் உணவகம்: சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண், பில்லுக்கு இல்லை

டல்லாஸின் வடக்குப் புறநகரில், நெடுஞ்சாலையை ஒட்டிய கடைவரிசையில் இயங்கும் ஒரு குடும்ப கிரில் உணவகத்தைப் பற்றிய மதிப்புரை இது. பெயரைக் குறிப்பிடவில்லை; நான் குறையாகச் சொல்லப்போகும் வழக்கம் அந்த உணவகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதே காரணம். ருசி, விலை, இடவசதி ஆகியவற்றோடு, அங்கே நமக்குப் பரிமாறும் சர்வர்களின் கையில் வேலை முடியும்போது எவ்வளவு நிற்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட்டிருக்கிறேன். டெக்சாஸில் ஒரு சர்வரின் வருமானத்தில் பெரும்பகுதி மேசையில் உட்கார்ந்திருக்கும் நம்மிடமிருந்து வருகிறது என்பதால், அதைக் கணக்கில் எடுக்காத உணவக மதிப்புரை பாதி மதிப்புரைதான் என்று நினைக்கிறேன்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கோழியும் மீனும் பதமாக வாட்டப்பட்டு, சூடு ஆறாமல் மேசைக்கு வருகின்றன. சைவம் சாப்பிடுபவர்களுக்கு வாட்டிய காளான், சுட்ட உருளைக்கிழங்கு, சோளம், நல்ல சாலட் என்று வயிறு நிறையச் சாப்பிட வழி இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனி மெனு உண்டு. பெரிய கூட்டமாகப் போனால் மேசைகளை இணைத்துத் தருகிறார்கள், சத்தம் அதிகமில்லை, வண்டி நிறுத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. இவற்றில் எதிலும் எனக்குக் குறையில்லை.

பரிமாறும் விதம்தான் இந்த உணவகத்தின் உண்மையான பலம். நாங்கள் எட்டுப் பேராகச் சென்றிருந்த மாலையில் எங்கள் மேசையைக் கவனித்த பெண், எங்களில் மூவர் சைவம் என்று தெரிந்ததும், பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்த்து வேகவைப்பார்கள், சோற்றைக் கோழிச் சாற்றில்தான் சமைப்பார்கள், இரண்டையும் தவிர்த்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அமெரிக்க உணவகங்களில் சைவம் சாப்பிடும் எவருக்கும் இந்த ஒரு வாக்கியத்தின் அருமை தெரியும். மெனுவில் எங்கும் அச்சிடப்படாத செய்தி அது. காரம் போதவில்லை என்று பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, நறுக்கிய ஹலபேன்யோ மிளகாயைச் சிறு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் நான்கு குடும்பங்களுக்கும் பில்லைத் தனித்தனியாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டபோதும், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று நினைவில் வைத்திருந்தவர்போல, முகம் சுளிக்காமல் செய்துகொடுத்தார். அந்த வேலைக்கு அடுத்த மேசையைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் கணிசமான பங்கு போய்விடுகிறது என்பது அவர் நடையின் வேகத்திலேயே தெரிந்தது.

பிரிப்பதற்கு முன் அவர் காட்டிய மொத்த பில்லில்தான் என் மனக்குறை தொடங்குகிறது. உணவும் பானமும் 240 டாலர். அதன் கீழே, ஆறு பேரும் அதற்கு மேலும் உள்ள மேசைகளுக்கென 18 சதவீத சேவைக் கட்டணம் 43.20 டாலர். அதன் கீழே 8.25 சதவீத விற்பனை வரி 19.80 டாலர். ஆக மொத்தம் 303 டாலர். அதற்கும் கீழே டிப்ஸ் எழுதுவதற்கான வெற்றுக் கோடும், நமக்கு வசதியாக இருக்கட்டும் என்று கணக்கிட்டுத் தரப்பட்ட மூன்று தொகைகளும் இருந்தன: 18 சதவீதம் 54.54, 20 சதவீதம் 60.60, 22 சதவீதம் 66.66. இந்தத் தொகைகள் 240 டாலர் உணவின் மேல் போட்ட கணக்குகள் அல்ல. வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த 303 டாலரின் மேல் போட்ட கணக்குகள். நடுவில் உள்ள தொகையைப் பார்த்துவிட்டு அப்படியே கையெழுத்துப் போடுபவர், 240 டாலர் உணவுக்குச் சேவையின் பெயரால் மொத்தம் 103.80 டாலர், அதாவது 43 சதவீதத்துக்கும் மேல் கொடுத்திருப்பார். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்ற வரி, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவு எழுத்தில், பில்லின் அடியில் இருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோ, அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவரோ இதைக் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்த 43.20 டாலர் யாருக்குப் போகிறது என்பது. பெரும்பாலானோர் நினைப்பது அது சர்வருக்கு என்றுதான். அதனால்தான் டிப்ஸ் கோட்டைக் காலியாக விடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் தன் விருப்பத்தின் பேரில், தானே தீர்மானித்துத் தரும் தொகைதான் டிப்ஸ். உணவகம் கட்டாயமாகச் சேர்க்கும் சேவைக் கட்டணம், கூட்டாட்சிச் சட்டத்தின்படி உணவகத்தின் வருமானம். அதில் எவ்வளவை ஊழியர்களுக்குக் கொடுப்பது என்பது முதலாளியின் முடிவு. மேலாளரிடம் கேட்டேன். அவர் மரியாதையாகவும் ஒளிவுமறைவில்லாமலும் பதில் சொன்னார்: 18இல் 12 சதவீதம் சர்வருக்கு, மீதி 6 சதவீதம் சமையலறை ஊழியர்களுக்கும் கார்டு செலவுகளுக்குமாக உணவகம் வைத்துக்கொள்கிறது. எங்கள் மேசையில் அந்த 12 சதவீதம் 28.80 டாலர். அதிலிருந்தும், சர்வர்கள் தங்கள் விற்பனையில் 4 சதவீதத்தை மேசை துடைக்கும் பஸ்ஸருக்கும், பார்டெண்டருக்கும், வாசலில் வரவேற்று உட்காரவைக்கும் ஹோஸ்டுக்கும் பங்காகத் தர வேண்டும். டிப் அவுட் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். 240 டாலருக்கு அது 9.60 டாலர். ஆக, பில்லில் 18 என்று அச்சிடப்பட்டது, எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடியாடிப் பரிமாறியவரின் கையில் 8 சதவீதமாக, 19.20 டாலராக வந்து நிற்கிறது.

சமையலறைக்குப் பணம் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படியில் வேகிறவர்களுக்கும் நல்ல ஊதியம் வேண்டும். சர்வர்களுக்கு டிப்ஸ் கிடைக்கிறது, அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் இத்தொழிலில் நெடுநாளாக இருப்பது. டிப்ஸைக் காட்டி ஊதியத்தைக் குறைத்துக்கொடுக்கும் முதலாளி, சமையல்காரர்களை டிப்ஸ் பகிர்வில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. முழுக் குறைந்தபட்ச ஊதியத்தைத் தன் கையிலிருந்து தரும் முதலாளி மட்டுமே, கூட்டாட்சி ஊதியச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே திருத்தம், மேலாளர்களும் முதலாளிகளும் ஊழியர்களின் டிப்ஸிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று தெளிவாக்கியது. சேவைக் கட்டணத்துக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதுதான் அதன் கவர்ச்சி. எனவே, கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அது எங்கே போகிறது என்பதைக் கொடுப்பவரிடம் சொல்லாமல் வாங்குவதில்தான் ஆட்சேபம். சர்வருக்கு 12, சமையலறைக்கும் உணவகத்துக்கும் 6 என்று பில்லில் ஒரே வரி அச்சிட எந்தச் செலவும் ஆகாது.

சர்வரின் அடிப்படை ஊதியம் தெரிந்தால்தான் இந்தச் சில டாலர்களின் எடை புரியும். டெக்சாஸில், டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி ரொக்கமாகத் தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர். இது கூட்டாட்சிச் சட்டம் வகுத்த அடிமட்டத் தொகை. 1991 முதல் ஒரு சென்ட்கூட உயரவில்லை. அப்போதைய பொதுக் குறைந்தபட்ச ஊதியமான 4.25 டாலரின் பாதியாக அது வந்தது. 1996இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தப் பாதிக் கணக்கைத் துண்டித்து, 2.13 என்ற எண்ணை அப்படியே நிறுத்திவைத்தது. பொது ஊதியம் அதன் பிறகு படிப்படியாக உயர்ந்து 2009இல் 7.25 டாலரை எட்டிய போதும் இது அசையவில்லை. இடையிலுள்ள 5.12 டாலரை டிப்ஸே ஈடுசெய்துவிடும் என்று முதலாளி கணக்குக் காட்டலாம். ஈடாகவில்லை என்றால், குறையும் தொகையை அவர் தன் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும்.

அந்த நிரப்பும் கடமை வாரக் கணக்கில்தான் பார்க்கப்படுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. வேறொரு நாள், கூட்டமில்லாத மதிய வேளையில் அதே உணவகத்துக்குச் சென்றபோது, எங்களுக்குப் பரிமாறியவரிடம் அவருடைய நல்ல நாளும் மந்தமான நாளும் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மாலைக்கூட்டம் வருமுன் கரண்டியையும் கத்தியையும் துணி நாப்கினில் சுருட்டி அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். அவர் சொன்னதை வைத்து உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி நேர ஷிப்டில் 1,100 டாலருக்கு விற்பனை நடந்து, 19 சதவீதம் டிப்ஸ் கிடைத்தால் 209 டாலர். 4 சதவீத டிப் அவுட் 44 போக, 165 டாலர் நிற்கும். மணிக்கு 27.50, அதோடு ஊதியம் 2.13, மொத்தம் 29.63 டாலர். செவ்வாய்க்கிழமை மதியம் நான்கு மணி நேரத்தில் 180 டாலருக்குத்தான் விற்பனை, டிப்ஸ் 30 டாலர் என்றால், டிப் அவுட் 7.20 போக 22.80. மணிக்கு 5.70, ஊதியத்தோடு சேர்த்து 7.83 டாலர். இதுவே ஒரு மேசை டிப்ஸ் எதுவும் வைக்காமல் எழுந்து போய்விட்டால் 7.25க்கும் கீழே போய்விடும். டிப் அவுட் விற்பனையின் மேல் கணக்கிடப்படுவதால், எதுவும் வைக்காதவரின் 80 டாலர் பில்லுக்கும் சர்வர் 3.20 டாலரை மற்ற மேசைகளின் டிப்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த மேசைக்கு அவர் பரிமாறியது தன் கைக்காசைப் போட்டு என்றே சொல்ல வேண்டும். ஆனாலும் வார முடிவில் வெள்ளிக்கிழமையின் வரவு செவ்வாய்க்கிழமையின் பள்ளத்தை மூடிவிடுவதால், முதலாளி நிரப்ப வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.

இப்படி இரண்டு நல்ல மாலைகளும் மூன்று மந்தமான மதியங்களும் கொண்ட ஒரு வாரத்தில் 24 மணி நேரத்துக்கு டிப்ஸ் 398.40 டாலர், ஊதியம் 51.12 டாலர், ஆக 449.52. மணிக்கு 18.73 டாலர். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் 2024 மே மாதத்துக்கு வெளியிட்ட கணக்கில், நாடெங்கும் உள்ள சர்வர்களின் இடைநிலை வருமானம் டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 16.23 டாலர், அதாவது பாதிப் பேர் அதற்கும் குறைவாகவே ஈட்டுகிறார்கள். மணிக் கணக்கைப் பார்த்து, பரவாயில்லையே என்று தோன்றலாம். எத்தனை மணி நேர வேலை கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதை அங்கே மறந்துவிடுகிறோம். மழை பெய்து கூட்டம் குறைந்தால் ஷிப்ட் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்பீடு தர வேண்டிய கட்டாயமும் உணவகத்துக்கு இல்லை. பெரிய நிறுவனங்களுக்கான அந்தச் சட்டக் கடமை வாரம் 30 மணி நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அவர் சுருட்டிக்கொண்டிருந்த நாப்கின்களுக்கு வருகிறேன். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் நடக்கும் இந்தத் துணைவேலைக்கும் அதே 2.13 டாலர்தான். இத்தகைய வேலை, வாரத்தின் மொத்த நேரத்தில் 20 சதவீதத்தையோ தொடர்ச்சியாக 30 நிமிடங்களையோ தாண்டினால் முழுக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று தொழிலாளர் துறை 2021இல் விதி வகுத்தது. அந்த விதியை, டெக்சாஸையும் உள்ளடக்கிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஐந்தாவது வட்ட நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டது. உணவகத்துக்குள் நுழைந்ததும் மேசையில் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் அந்தத் துணிச்சுருளைப் பார்த்து மகிழ்கிற நமக்கு, அதைச் சுருட்டியவருக்கு அந்த நேரத்தில் டிப்ஸ் தர யாருமே இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சம்பளச் சீட்டைப் பற்றியும் அவர் சொன்னார். டிப்ஸுக்கும் சேர்த்துப் பிடிக்கப்படும் வரிகள், முதலாளி தரும் அந்தச் சிறு ஊதியத்திலிருந்தே கழிக்கப்படுகின்றன. மேலே சொன்ன வாரத்தில் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியும் மட்டும் 449.52 டாலரில் 7.65 சதவீதம், அதாவது 34.39 டாலர். 51.12 டாலர் ஊதியத்தில் அது போனால் 16.73 மிஞ்சும், வருமான வரிப் பிடித்தம் அதையும் கொண்டுபோய்விடலாம். ஏறக்குறைய பூஜ்யம் என்று அச்சிட்ட சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு போவது இந்தத் தொழிலில் சாதாரணம். 2025 ஜூலையில் சட்டமான வரித் திருத்தத்தின்படி, 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்குக் கூட்டாட்சி வருமான வரியில் கழிவு கிடைக்கிறது. டிப்ஸுக்கு இனி வரியே இல்லை என்று பலர் பேசிக்கொண்டாலும், மேலே சொன்ன 7.65 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. மேலும், அந்தக் கழிவு வாடிக்கையாளர் மனமுவந்து தரும் டிப்ஸுக்கு மட்டும் உரியது. கட்டாயச் சேவைக் கட்டணத்திலிருந்து சர்வருக்கு வரும் பங்குக்கு அது கிடையாது. எங்கள் மேசையில் 18 சதவீதத்தைக் கட்டணமாகப் போடாமல், தீர்மானத்தை எங்களிடமே விட்டு, நாங்கள் அதே 43.20 டாலரை டிப்ஸாக எழுதியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு டிப் அவுட் போக 33.60 டாலர் நின்றிருக்கும். வரிக் கழிவுக்கும் வழி இருந்திருக்கும். கட்டண முறையில் அவருக்குக் கிடைத்தது 19.20.

பெரிய மேசைகள் சரியாக டிப்ஸ் தருவதில்லை, சர்வர்களைக் காப்பாற்றத்தான் இந்தக் கட்டணம் என்று மேலாளர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எட்டுப் பேர் கொண்ட மேசை, நான்கு சிறு மேசைகளுக்கான நேரத்தை விழுங்கிவிட்டு, 20 டாலர் தாளை வைத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. நம்மவர்கள் பலர், அந்த டாலரை மனத்துக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கையைச் சுருக்கிக்கொள்வதை நானே கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். இங்கே பரிமாறுபவருக்கு வீட்டு வாடகை டாலரில்தான் வருகிறது. பொறுப்பு நம் பக்கமும் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் அந்தப் பாதுகாப்புக்காகத்தான் கட்டணம் என்றால், அதை முழுவதுமாகச் சர்வருக்கே கொடுப்பதுதானே முறை?

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மான்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காரணம் காட்டி ஊதியத்தைக் குறைக்கவே முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2025இல் சர்வருக்கும் மணிக்கு 16.66 டாலர் ஊதியம், டிப்ஸ் அதற்கு மேல். அங்கேயும் உணவகங்கள் நடக்கின்றன, மக்கள் டிப்ஸும் தருகிறார்கள். டிப்ஸையே ஒழித்துவிட்டு மெனு விலையில் எல்லாவற்றையும் அடக்கிப் பார்த்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் டேனி மேயர் என்பவரின் யூனியன் ஸ்கொயர் உணவகக் குழுமம் 2015இல் அதைத் தொடங்கி, 2020இல் கைவிட்டது. அத்தகைய முறை ஒரு குழுமம் மட்டும் கடைப்பிடித்தால் நிலைப்பது கடினம் என்பது என் கருத்து. பக்கத்துக் கடை மெனுவில் 20 டாலர் என்றும் இவர்கள் மெனுவில் 25 டாலர் என்றும் இருந்தால், முடிவில் இரண்டும் ஒன்றுதான் என்று கணக்குப் பார்த்து உள்ளே வருபவர் குறைவு. எனவே டெக்சாஸில் உள்ள ஒரு தனி உணவகத்திடம் அவ்வளவு பெரிய மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பது மூன்று சிறு காரியங்கள்தான்: சேவைக் கட்டணத்தின் பங்கீட்டைப் பில்லில் அச்சிடுவது, டிப்ஸ் பரிந்துரையை உணவின் விலைமேல் மட்டும் கணக்கிடுவது, கட்டணம் போட்ட மேசைகளுக்குச் சர்வரிடம் டிப் அவுட் வாங்காமல் அதை உணவகம் வைத்துக்கொள்ளும் 6 சதவீதத்திலிருந்தே கொடுப்பது. மேலாளரிடம் இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார். முதலாளியிடம் பேசுவதாகவும் சொன்னார்.

என் மதிப்பீடு இது: உணவுக்கு ஐந்துக்கு நாலரை, பரிமாறிய விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பில்லின் நேர்மைக்கு ஐந்துக்கு இரண்டு. ஐந்து பேர் வரை போவதானால் தயங்காமல் பரிந்துரைப்பேன். அப்போது கட்டணம் சேராது, உணவின் விலையில் 20 சதவீதத்தை நாமே டிப்ஸ் கோட்டில் எழுதலாம். முடிந்தால் அதை ரொக்கமாகவே கொடுங்கள். கார்டில் கொடுத்தால், கார்டு நிறுவனம் பிடிக்கும் சதவீதத்தை டிப்ஸிலிருந்தும் விகிதப்படி கழித்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் முதலாளியை அனுமதிக்கிறது. செவ்வாய், புதன் மதியங்களில் போனால் இடம் உடனே கிடைக்கும், சமையலிலும் அவசரம் இருக்காது. அந்த நேரத்தில் பரிமாறுபவருக்கு ஒவ்வொரு மேசையும் எவ்வளவு தேவை என்பதை மேலே உள்ள கணக்கிலேயே பார்த்தோம், ஆகவே அன்று சற்றுக் கூடுதலாகவே வையுங்கள். ஆறு பேரும் அதற்கு மேலும் போவதானால், பில் வந்ததும் சேவைக் கட்டணத்தில் சர்வரின் பங்கு எவ்வளவு என்று மேலாளரிடம் கேளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். குறையும் தொகையை மேசையிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.